நீ என்ன கோழி, மச்சி?

சண்டியர், டாப்பர், அம்மா சென்டிமென்ட், சாப்பாட்டு ராமன்... நம்ம கிளாஸில் இருக்கும் அத்தனை கேரக்டரும் கோழிக் கூண்டிலும் உண்டு பாஸ்!

சிக்கன் பிரியாணி பார்சல் வந்தால் லெக் பீஸுக்கு அடித்துக்கொள்ளும் கூட்டம் நாம். ஆனால், கோழியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? லெக், விங்ஸ், லிவர், முட்டை. சிலபஸ் ஓவர்! "கோழிக்கு என்னப்பா பெரிய குணம்? விட்டா முட்டை, வெட்டினா குழம்பு" என்று கேட்பவர்கள்தான் தி.நகரிலும் அடையாறிலும் அதிகம். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நாம் பார்க்கும் கோழி எல்லாமே கறிக்கடை கம்பிக் கூண்டுக்குள் வெள்ளை வெளேர் என்று, ஜெராக்ஸ் எடுத்த மாதிரி ஒரே அச்சில் இருக்கும். அதில் எதைப் போய் கேரக்டர் ஸ்டடி பண்ணுவது?

ஆனால், ஒரு மாலை நேரம் மயிலாப்பூர்ப் பக்கம் நொச்சிக்குப்பத்திலோ, பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்திலோ கொஞ்சம் நின்று பாருங்கள். வலைக் குவியல் மேலே ஏறி ஒன்று சவுண்டு விடும். ஒன்று குஞ்சுகளைப் பின்னால் கூட்டிக்கொண்டு மீன் வாடை அடிக்கிற பக்கமாக டூர் போகும். இன்னொன்று யார் பக்கத்தில் வந்தாலும் பதறி ஓடும். அசப்பில் நம்ம காலேஜ் கேன்டீன்!

ஆக, ஒரு ரவுண்டு போகலாம் வாங்க. போகிற வழியில் ஒரு கேள்வியை மட்டும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் குணமெல்லாம் கோழிக்குத் தானாக வந்ததா, நாம் கொடுத்ததா?

முதல் பெஞ்ச் யாருக்கு?

ரகம் பார்ப்பதற்கு முன்னால் பொதுவான மேட்டர் ஒன்று. "பெக்கிங் ஆர்டர்" என்று ஆபீஸ்களில் பேசிக் கேட்டிருப்பீர்கள். யார் மேலே, யார் கீழே என்கிற வரிசை. அந்த வார்த்தை வந்ததே கோழிக் கூண்டிலிருந்துதான். நார்வே நாட்டுக்காரர் தோர்லெய்ஃப் ஷெல்டரப்-எபே. சின்னப் பையனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளை உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்து, யார் யாரைக் கொத்துகிறது என்று கணக்கு எழுதியவர். 1921-ல் அதை ஆய்வாகவே வெளியிட்டுவிட்டார்.

அவர் கண்டுபிடித்தது இதுதான். ஒரு கூட்டத்தில் முதல் கோழி எல்லோரையும் கொத்தும். இரண்டாவது, முதல் கோழியைத் தவிர மற்றவர்களைக் கொத்தும். இப்படியே இறங்கிக்கொண்டே வந்து, கடைசிக் கோழி எல்லோரிடமும் வாங்கும், யாருக்கும் திருப்பிக் கொடுக்காது. ராகிங் சிஸ்டம்தான்! ஆனால் இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. வரிசை ஒருமுறை முடிவாகிவிட்டால் தினம் தினம் சண்டை கிடையாது. தீனித் தட்டில் யார் முதலில் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு முறைப்பு, ஒரு தலை சாய்ப்பு, மேட்டர் ஓவர். புதுசாக ஒரு கோழியை உள்ளே விட்டால்தான் மறுபடி பஞ்சாயத்து ஆரம்பிக்கும்.

சேவல் விஷயத்தில் இது இன்னும் காமெடி. விடியற்காலையில் முதலில் கூவும் உரிமை யாருக்கு? கூட்டத்தின் தாதாவுக்கு! ஜப்பான் விஞ்ஞானிகள் 2015-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். தாதா கூவிய பிறகுதான் மற்றதெல்லாம் அந்தஸ்து வரிசைப்படி கூவும். தாதாவைத் தூக்கிவிட்டால், அடுத்த இடத்தில் இருப்பவர் முதலில் கூவ ஆரம்பித்துவிடுவார்.

சேவலிடம் இன்னொரு டெக்னிக்கும் உண்டு. தரையில் ஏதாவது நல்ல தீனி கிடைத்தால் தான் தின்னாமல், தலையை ஆட்டி ஆட்டி ஒரு தனிக் குரலில் பெட்டையைக் கூப்பிடும். ட்ரீட் கொடுக்கிற ஸ்டைல்! சில சமயம் பெட்டை தூரத்தில் இருந்தால், தின்ன முடியாத குப்பையைக் காட்டிக்கூட அதே குரலில் கூப்பிடும் என்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள். பசங்களா, நாம தனியாள் இல்லை!

சண்டியர்: அசில்

கழுத்து நீளம், நெஞ்சு நிமிர்வு, கால் உரம், கண்ணில் ஒரு முறைப்பு. அசில் சேவல் நிற்கிற நிற்பே ஒரு பஞ்ச் டயலாக். "அசல்" என்று நாம் சொல்கிற அதே அரபு வார்த்தைதான் பெயரின் மூலம். கலப்பில்லாதது என்று அர்த்தம். நம் ஊர் சேவல்காரர்கள் நிறத்தை வைத்து காகம், கீரி, மயில், செவலை என்று பெயர் சொல்வார்கள். கொண்டை மட்டும் ரொம்பச் சின்னது. எதிராளி கவ்விப் பிடிக்க எதுவும் இருக்கக் கூடாது என்கிற டிசைன்!

இதன் டெம்பர் தனி ரகம். இன்னொரு சேவலைக் கண்டால் உயிரைக் கொடுத்து மோதும். குஞ்சாக இருக்கும்போதே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஆனால், வளர்த்தவன் கையில் எடுத்தால் பூனைக்குட்டி. மனுஷனிடம் அடக்கம், இன்னொரு சேவலிடம் ஆக்ரோஷம். கையில் எடுத்துத் தடவிக் கொடுத்துப் பழக்குகிற சேவல் மனுஷனையே கொத்தினால் யார் வைத்துக்கொள்வார்கள்? அதனால் தலைமுறை தலைமுறையாக இந்த இரண்டு குணமும் சேர்ந்த சேவலைத்தான் மிச்சம் வைத்தார்கள்.

இந்தக் கதை நம் மண்ணில் ரொம்பப் பழசு. சோழர் தலைநகர் உறையூருக்கே "கோழி" என்று இன்னொரு பெயர். ஒரு கோழி யானையை எதிர்த்து விரட்டிய இடம் என்பது ஐதீகம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், சண்டையில் செத்த ஒரு சேவலுக்கு வட்டெழுத்துக் கல்வெட்டோடு நடுகல்லே இருக்கிறது. வீரனுக்கு வைக்கிற கல்லை ஒரு கோழிக்கு வைத்திருக்கிறார்கள்! நம்ம ஜெனரேஷனுக்கு இதையெல்லாம் அறிமுகம் செய்தது 2011-ல் வந்த "ஆடுகளம்".

ஆனால் ஒன்று. 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி விலங்குகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது குற்றம். காலில் கத்தி கட்டினால் செத்துப்போவது சேவல்தான், பந்தயம் கட்டியவன் அல்ல. சேவலின் ரோஷத்தை ரசிக்கலாம். அதற்காக ரத்தம் பார்க்க வேண்டியதில்லை.

அம்மா: சிறுவிடை

குப்பத்தில் குஞ்சுகளோடு டூர் போன கோழியைச் சொன்னேனே, அந்த மாதிரி சின்ன உடம்புக்காரிகள்தான் சிறுவிடை. கொஞ்சம் பெரிய உருவம் என்றால் பெருவிடை. கழுத்தில் முடியே இல்லாமல் மொட்டையாக இருந்தால் கிராப்புக் கோழி. பார்த்தால் ஏதோ வியாதி என்று நினைப்போம். உண்மையில் அது ஒரு மரபணு கொடுத்த ஏ.சி! இறகு குறைவு என்பதால் உடம்புச் சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். சென்னை மே மாதத்துக்கு ஏற்ற ஆள்.

சிறுவிடையின் குணம் என்ன? உஷார், சுறுசுறுப்பு, யாரையும் நம்பாத புத்தி. தீனி வைத்தாலும் வைக்காவிட்டாலும் குப்பையைக் கிளறிச் சம்பாதித்துக்கொள்ளும். ஆனால், இதன் உண்மையான ஸ்பெஷாலிட்டி அடை காப்பது. முட்டை மேல் உட்கார்ந்துவிட்டால் 21 நாள் தவம். நாளைக்கு ஒருமுறை சட்டென்று எழுந்து போய் நாலு தானியம், கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். மறுபடி சீட்டுக்கு வந்துவிடும். கடைசி ஒன்றிரண்டு நாளில் ஓட்டுக்குள்ளே இருந்தே குஞ்சு "கீச் கீச்" என்று குரல் கொடுக்க, வெளியே இருந்து அம்மா பதில் சொல்லும். பார்ப்பதற்கு முன்பே பேசிப் பழகிவிடுகிறார்கள்! வாத்து முட்டையை வைத்தாலும் தன் பிள்ளையாகவே பொரித்து வளர்க்கும். வாத்துக் குஞ்சு குளத்தில் இறங்கியதும் கரையில் நின்று கதறுவது வேறு கதை.

பருந்து நிழல் விழுந்தால் ஒரு குரல், தரையில் நாய் வந்தால் வேறு குரல். குஞ்சுகளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்று நம் பாட்டிகள் சும்மா சொல்லவில்லை.

ஆனால், கணக்குப் பிள்ளை கண்ணால் பார்த்தால் இது "நஷ்டம்". அடைக்கு உட்கார்ந்த கோழி அந்த நாட்களில் முட்டை போடாது. குஞ்சு பெரிதாகும் வரையும் போடாது. அதனால்தான் ஊர்ப்பக்கம் சிலர் அடைக்கு உட்கார்ந்த கோழியைத் தண்ணீரில் முக்கி அடை தெளிய வைப்பார்கள். "தாயாகிறது அப்புறம் இருக்கட்டும், முதல்ல முட்டையைப் போடு" என்று சொல்கிற மாதிரி. இந்தக் கணக்கை ஒரு தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? அதுதான் அடுத்த கேரக்டர்.

டாப்பர்: வெள்ளை லெகார்ன்

இத்தாலியில் லிவோர்னோ என்று ஒரு துறைமுகம். இங்கிலீஷ்காரன் வாயில் அது லெகார்ன் ஆனது. அங்கிருந்து கிளம்பிய வெள்ளைக் கோழியின் வாரிசுகள்தான் இன்று நாமக்கல் பண்ணைகளில் நிற்கின்றன. நம் மெஸ் ஆம்லெட், பரோட்டாக் கடை கலக்கி, பள்ளிக்கூட சத்துணவு முட்டை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பவள் இவள்.

மார்க் ஷீட்டைப் பாருங்கள். காட்டில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி, அதாவது எல்லாக் கோழிகளுக்கும் கொள்ளுப்பாட்டி, வருஷத்துக்குப் போடுவது 10-15 முட்டை. லெகார்ன் வழிவந்த பண்ணைக் கோழி போடுவது 300-க்கு மேல்! ஸ்டேட் ரேங்க். ஆனால், அந்த ரேங்குக்குக் கொடுத்த விலை அடை காக்கும் குணம். அடைக்கு உட்காரும் கோழியை ஒதுக்கி, உட்காராத கோழியின் முட்டையை மட்டும் பொரித்துப் பொரித்து, கடைசியில் தாயாகத் தெரியாத ஒரு தாயை உருவாக்கிவிட்டோம். இப்போது அவளுடைய குஞ்சுக்கு அம்மா, இன்குபேட்டர்.

குணம்? பயங்கர டென்ஷன் பார்ட்டி. கதவு சடாரென்று சாத்தினால், ஒன்று பதறும். ஒன்று பதறினால் ஷெட்டே பதறும். எக்ஸாம் ஹாலில் ஒருத்தன் அடிஷனல் ஷீட் கேட்டதும் மொத்த ஹாலும் வியர்க்குமே, அப்படி! போதாததற்கு, கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் நம் ரெக்கார்டு நோட்டு ஏ4 தாளை விடச் சின்னது. அங்கே யாரும் யாரிடமிருந்தும் ஒதுங்க முடியாது. கொத்த ஆரம்பித்தால் ரத்தம் வரும் வரை கொத்தும். அதற்குப் பண்ணைகள் கண்டுபிடித்த வழி, குஞ்சாக இருக்கும்போதே அலகின் நுனியை வெட்டிவிடுவது.

சரி, இந்த ரகத்தின் ஆண் குஞ்சுகள் எங்கே போகும்? முட்டை போடாது, கறியும் வைக்காது. பண்ணைக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனமில்லை. பல இடங்களில் பிறந்த அன்றே கதை முடித்துவிடுகிறார்கள். தப்பித்தது சில, கூடையில் ஏறித் தெருவுக்கு வரும். பிங்க், பச்சை, ஆரஞ்சு என்று சாயம் பூசிக்கொண்டு! ஆமாம், சின்ன வயசில் நாம் அடம்பிடித்து வாங்கி, ஷூ டப்பாவில் வைத்து, ரெண்டாவது நாள் அழுதுகொண்டே புதைத்தோமே, அந்தக் கலர் கோழிக்குஞ்சு அதுதான். அது செத்தது நம் ராசியால் இல்லை. அம்மா உடம்புச் சூடு கிடைக்க வேண்டிய வயசில், சாயத்தில் நனைந்து வெயிலில் ஊர் சுற்றினால் எது பிழைக்கும்? ஜெர்மனியில் ஆண் குஞ்சுகளை இப்படி மொத்தமாகக் கொல்வதற்கு 2022 ஜனவரி முதல் தடை இருக்கிறது. அங்கே முட்டைக்குள் இருக்கும்போதே ஆணா பெண்ணா என்று பார்க்கும் டெக்னாலஜி வளர்ந்தது அதனால்தான். இன்ஜினீயரிங் படிக்கிற மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஐடியா வேண்டுமா?

சாப்பாட்டு ராமன்: பிராய்லர்

மவுன்ட் ரோடு புஹாரியில் 1965-ல் பிறந்ததாகச் சொல்கிற சிக்கன் 65-க்கு இன்று உயிர் கொடுப்பவர் இவர். குணத்தில் பரம சாது. யாரோடும் வம்பு தும்பு கிடையாது. தின்பது, உட்காருவது, மறுபடி தின்பது. ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் மாதிரி! ஆனால், இந்த அமைதியில் பாதி குணம், மீதி உடம்பு. ஓடியாட அந்த உடம்பு இடம் கொடுப்பதில்லை.

கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 என மூன்று காலத்துக் கறிக்கோழி வம்சங்களை ஒரே தீனி கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு 2014-ல் வந்தது. 56 நாளில் 1957 ரகம் 905 கிராம், 1978 ரகம் 1,808 கிராம், 2005 ரகம் 4,202 கிராம்! தீனி ஒன்றே, நாள் ஒன்றே. எடை நாலு மடங்குக்கும் மேல்.

அதாவது, "பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்கடா" என்கிற டீக்கடைத் தகவலுக்கு இங்கேயே பதில் கிடைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான கோழிக்குத் தினம் ஊசி போட எந்தப் பண்ணைக்குக் கட்டுப்படியாகும்? வளர்ச்சி முழுக்க இனத்தேர்வின் வேலை. ஆன்டிபயாடிக் பயம் மட்டும் நியாயமானது. மனிதனுக்குக் கடைசி அஸ்திரமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கால்நடைத் தீனியில் கலப்பதற்கு 2019-ல் மத்திய அரசு தடை போட வேண்டிவந்தது.

பெரிய சோகம் பிராய்லரின் அப்பா, அம்மாவுக்கு. பசி அடங்காத குணத்தை இனத்திலேயே ஏற்றிவிட்டதால், குஞ்சுக்காக வளர்க்கும் தாய்க்கோழிகளை இஷ்டத்துக்குத் தின்ன விட்டால் எடை ஏறி, முட்டையும் போடாது, பிழைப்பதும் கஷ்டம். அதனால் அளந்து அளந்துதான் தீனி. பிள்ளைக்கு ஃபுல் மீல்ஸ், பெத்தவங்களுக்கு டயட்!

கறுப்பு ஸ்டார்: கடக்நாத்

இறகு கறுப்பு, தோல் கறுப்பு, நாக்கு கறுப்பு, கறி, எலும்பு வரை கறுப்பு. மத்தியப் பிரதேசம் ஜாபுவா வட்டாரத்துக் கோழி. 2018-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. நம்ம "தல" தோனி ராஞ்சிப் பண்ணைக்கு 2,000 கடக்நாத் குஞ்சு ஆர்டர் கொடுத்து, நடுவில் பறவைக் காய்ச்சல் புகுந்து, கடைசியில் 2022-ல் குஞ்சுகள் போய்ச் சேர்ந்த கதை பேப்பரில் எல்லாம் வந்தது.

குணத்தில் கடக்நாத் சுறுசுறுப்பு, கொஞ்சம் ஒதுங்குகிற டைப். அடைக்கு உட்காருவதில் ரொம்ப சுமார். அதனால் இதன் முட்டையை நாட்டுக்கோழியிடம் வைத்துப் பொரிக்க வைப்பது வழக்கம். பிள்ளை இவளுடையது, வளர்ப்பது சிறுவிடை அம்மா!

இங்கே ஒரு மயிலாப்பூர் கனெக்‌ஷன். மயிலையில் இருக்கும் புனித தோமையார் கல்லறையைப் பற்றி எழுதிவைத்த 13-ம் நூற்றாண்டுப் பயணி மார்க்கோ போலோ, சீனாவில் இறகுக்குப் பதில் பூனை மாதிரி முடி உள்ள கறுப்புக் கோழி இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். "ரீல் விடறார்" என்று அந்தக் காலத்தில் சிரித்திருப்பார்கள். ஆனால் அது நிஜம். இன்று சில்கி என்ற பெயரில் பலர் செல்லமாக வளர்ப்பது அதைத்தான். தோல் கறுப்பாக இருப்பதற்குக் காரணமான மரபணு மாற்றம் சில்கிக்கும் கடக்நாத்துக்கும் ஒன்றேதான். ஆனால் குணம்? நேர் எதிர்! சில்கி மடியில் தூங்கும். எந்த முட்டை கிடைத்தாலும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆக மக்களே, தோல் நிறத்தை வைத்து ஒருத்தர் குணத்தை முடிவு பண்ணுவது கோழி விஷயத்தில்கூட செல்லாது.

நம்ம ஏரியா பொண்ணு: நந்தனம் கோழி

தி.நகர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். பக்கத்து நந்தனத்தின் பெயரில் ஒரு கோழியே இருக்கிறது! தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் முன்பு நந்தனத்தில் இருந்தது. அங்கே ஆரம்பித்த வேலைக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. நந்தனம் கோழி, நந்தனம் பிராய்லர், நந்தனம் வான்கோழி என்று குடும்பமே உண்டு. நிலையம் இப்போது மாதவரத்தில் இயங்குகிறது. நந்தனம் சிக்னலில் பஸ்ஸுக்கு நிற்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

வீட்டுக் கொல்லையில் மேய்ந்து, கிடைத்ததைத் தின்று, நாட்டுக்கோழியை விட அதிகமாக முட்டை போட வேண்டும் என்பதுதான் இந்த மாதிரி ரகங்களின் நோக்கம். ஹைதராபாத்தின் வனராஜா, பெங்களூரின் கிரிராஜாவும் இதே கட்சி. பொதுவாக சாது, பழகுவது சுலபம். ஆனால் முட்டை எண்ணிக்கை ஏற ஏற அடை காக்கும் குணம் இறங்குகிற அந்தப் பழைய கணக்கு இங்கேயும் உண்டு. வனராஜா முட்டைக்கும் பெரும்பாலும் ஒரு நாட்டுக்கோழி அம்மாதான் தேட வேண்டும்.

மொட்டை மாடியில் கொக்கரக்கோ

படிக்கும்போதே "நாமும் ரெண்டு வளர்த்தா என்ன?" என்று தோன்றுகிறதா? வெயிட். முதலில் இவற்றைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் தனியாக வாங்காதீர்கள். கோழி கூட்டத்தில் வாழும் ஜீவன். குறைந்தது மூன்று பெட்டை வேண்டும்.

முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. காலை நாலரை மணிக் கச்சேரியை ஒண்டுக்குடித்தனத்தில் யாரும் ரசிக்க மாட்டார்கள்.

சிமென்ட் தரை மட்டும் போதாது. கிளற மண்ணும், குளிக்கப் புழுதியும், ஏறித் தூங்க ஒரு கொம்பும் வேண்டும். மண்ணைக் கிளற வழியில்லாத கோழி பக்கத்துக் கோழியைக் கிளறும்.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூட்டமே காலி. முதல் வாரத்திலேயே தடுப்பு சொட்டு மருந்து போட வேண்டும். பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள்.

முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு நந்தனம் மாதிரி சாது ரகம் ஓகே. குஞ்சு பொரிப்பதைப் பார்க்க ஆசை என்றால் சிறுவிடை. அசில் சேவல் ரெண்டு வாங்கி ஒரே கூண்டில் போட்டால்... நாங்கள் பொறுப்பல்ல!

செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். அம்மா தலையில் கட்டுவது முடிவு ஆகாது.

டாப்பர்களை எல்லாம் ஒரே கூண்டில் போட்டால்?

இப்போது பாக்கெட்டில் வைத்த கேள்வியை எடுங்கள். குணம் தானாக வந்ததா, நாம் கொடுத்ததா?

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் என்கிற மரபியல் பேராசிரியர் இதில் ஒரு விளையாட்டு விளையாடினார். பண்ணை உலகத்தின் வழக்கமான ஃபார்முலா என்ன? அதிகம் முட்டை போடும் தனிக் கோழியைத் தேர்ந்தெடு, அதன் வாரிசை வளர். லாஜிக் கரெக்ட் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒரு கூண்டில் நிறைய முட்டை போடுபவள் எப்படிப் போடுகிறாள்? பல சமயம் மற்றவர்களைக் கொத்தி ஒதுக்கி, தீனியைத் தான் பிடுங்கித் தின்று! அப்படியானால் நாம் தேர்ந்தெடுப்பது திறமைசாலியையா, ரவுடியையா?

மியூர் ஃபார்முலாவை மாற்றினார். தனிக் கோழிக்கு மார்க் கிடையாது. அக்கா தங்கச்சிகளை ஒரே கூண்டில் வைத்து, மொத்தக் கூண்டுக்கும் மார்க். எந்தக் கூண்டு முழுசாகப் பிழைத்து நன்றாக முட்டை போடுகிறதோ, அந்தக் கூண்டு முழுவதும் பாஸ். இல்லையென்றால் மொத்தக் கூண்டும் அவுட். அலகை வெட்டவும் இல்லை.

1996-ல் அவர் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். ஆரம்பத்தில் வருஷத்துக்கு 68 சதவிகிதம் கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. சில தலைமுறையிலேயே அது 8.8 சதவிகிதம் ஆனது. தனிக் கூண்டில் தனியாக இருக்கும் சாதாரணக் கோழிகளின் சாவு விகிதமே 9.1 சதவிகிதம்தான். அதாவது, பக்கத்தில் ஆள் இருப்பதால் வந்த ஆபத்து சுத்தமாகக் காணாமல் போய்விட்டது! கோழிக்குக் கிடைத்த முட்டை வருஷத்துக்கு 91-லிருந்து 237-க்கு ஏறியது.

இதில் கவனிக்க வேண்டிய பாயின்ட் ஒன்று. உயிரோடிருக்கும் ஒரு கோழி முட்டை போடும் வேகம் 52 சதவிகிதத்திலிருந்து 68-க்குத்தான் உயர்ந்தது. மீதி லாபம் எல்லாம் எங்கிருந்து வந்தது? யாரும் யாரையும் கொல்லாமல் இருந்ததிலிருந்து! அலகை வெட்டுவது பழுதான மெஷினுக்கு டேப் ஒட்டுகிற வேலை. மியூர் செய்தது டிசைனையே திருத்துகிற வேலை.

அசிலிடம் ரோஷத்தை அளந்தோம், ரோஷம் வந்தது. லெகார்னிடம் முட்டையை அளந்தோம், முட்டை வந்தது, தாய்மை போனது. பிராய்லரிடம் எடையை அளந்தோம், எடை வந்தது, ஓட்டம் போனது. எதை அளக்கிறோமோ அது வளர்கிறது. அளக்க மறந்தது சத்தமில்லாமல் காணாமல் போகிறது. இதைக் கோழி சொல்லிக் கொடுத்தது என்பதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஏனென்றால் நம் காலேஜிலும் அளவுகோல் பெரும்பாலும் ஒன்றேதான்: தனி ஆள், தனி மார்க், தனி பேக்கேஜ். லேபில் ரீடிங் கேட்டால் மூடி மறைப்பவனும் டாப்பர்தான். நைட்டு பன்னிரண்டு மணிக்கு அரியர் வைத்தவனுக்கு சர்க்யூட் தியரி சொல்லிக் கொடுப்பவனுக்கு அதற்கென்று ஒரு மார்க்கும் கிடையாது. ஆனால் அவன் இருக்கும் ரூமில் நாலு பேர் பாஸ் ஆகிறார்கள். மியூர் பார்வையில் அவன்தான் ஸ்டேட் ரேங்க்!

அடுத்த செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு டீம் பிரிக்கும்போது ஜி.பி.ஏ. வரிசையில் ஆள் பிடிக்காதீர்கள் பாஸ். போன டீமில் அவனோடு இருந்த மூணு பேர் இப்போது அவனைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கொத்து வாங்கின கோழிக்குத்தான் கூண்டு நிலவரம் தெரியும்!